என் பசியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு

அன்புள்ள ஹைபோதலாமஸே,

உன்னைத் தோழி என்றே கூப்பிடப் போகிறேன். உன் முழுப்பெயர் எங்கள் வாயில் சுலபமாக வராது. அதோடு, என் உடம்பைப் பற்றி உனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கண்களுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில், சுமார் நான்கு கிராம் எடையில் நீ இருக்கிறாய். நான் பிறந்த நேரத்திலிருந்து என் பசி, தாகம், தூக்கம், உடம்புச் சூடு எல்லாம் உன் பொறுப்பில் இருக்கின்றன. வடசென்னையின் புளியந்தோப்பில் எனக்குச் சோறு போட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. பெற்றவள் போட்டாள், ஆயா போட்டாள், பள்ளிக்கூடம் போட்டது, பக்கத்து வீட்டு பாய் பெருநாளுக்குப் பெருநாள் அனுப்பினார். அவர்கள் எல்லோருக்கும் என்னால் முடிந்த விதத்தில் நன்றி சொல்லிவிட்டேன். அந்தச் சோற்றை என்னைக் கேட்க வைத்தவள் நீ, போதும் என்று கையை எடுக்க வைத்தவளும் நீ. உனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.

தோழி, மில் சங்கிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கு நேரம் சொன்னது பின்னி மில் சங்கு. 1876-ல் பக்கிங்காம் மில், 1881-ல் கர்நாடிக் மில், 1920-ல் இரண்டும் ஒன்றாகி பி அண்ட் சி மில். அப்பா அங்கே தறிக்கூடத்தில் வேலை செய்தார். சங்கு ஊதினால் அம்மா உலையிலிருந்து சோற்றை இறக்குவாள். 1996-ல் மில்லை மூடினார்கள், சங்கும் நின்றது. அப்பாவின் வயிறு மட்டும் பழைய நேரத்தை விடவில்லை. வாசலில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மாதங்களிலும், சரியாக அந்த நேரத்துக்கு உள்ளே திரும்பி, “சோறாச்சா?” என்பார். அது உன் வேலை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் வேளைக்குச் சற்று முன்பே அது ரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். ரத்தத்தில் வரும் அந்தச் சேதியை உன் அடிப்பகுதியில் ஆர்க்குவேட் என்ற சிறு அணுத்திரள் வாங்கிக்கொள்கிறது. அங்கே இருக்கும் ஏ.ஜி.ஆர்.பி. நரம்பணுக்கள் விழித்தால் பசி, பக்கத்திலேயே இருக்கும் பாம்க் நரம்பணுக்கள் விழித்தால் நிறைவு. அப்பா வேலையை இழந்தார், சம்பளத்தை இழந்தார், சங்கத்து நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவருடைய நாளுக்கு ஒரு ஒழுங்கு மிச்சமிருந்ததென்றால் அது நீ வேளை தவறாமல் கேட்ட சோற்றால்தான். அதற்கு முதல் நன்றி.

தோழி, உன்னைத் தேடிக் கண்டவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1940-ல் அமெரிக்காவில் ஹெதரிங்டனும் ரான்சனும் எலியின் மூளையில் உன் நடுப்பகுதியை இரு பக்கமும் சிதைத்துப் பார்த்தார்கள். எலிகள் அளவு மீறிப் பருத்தன. பதினோரு ஆண்டு கழித்து, 1951-ல், யேல் பல்கலைக்கழகத்திலிருந்து அடுத்த சேதி வந்தது. அதைச் சொன்னவர் நம் நாட்டிலிருந்து அங்கே போயிருந்த ஒருவர். லாகூரில் பிறந்து அங்கேயே மருத்துவம் படித்த பி.கே. ஆனந்த். ஜான் ப்ரோபெக்கோடு சேர்ந்து அவர் உன் ஓரப்பகுதியை, அதுவும் கடுகளவு இடத்தை, இரு பக்கமும் சிதைத்தார். எலிகள் சாப்பிடுவதை அறவே நிறுத்தின. தட்டில் தீனி இருந்தது, வாயும் வயிறும் நன்றாக இருந்தன, ஆனாலும் தீனிக்கு நடுவிலேயே பட்டினி கிடந்து செத்தன. அந்த இடத்துக்கு அவர்கள் உணவு மையம் என்று பெயர் வைத்தார்கள். ஆனந்த் ஊர் திரும்பினார். 1956-ல் டெல்லியில் எய்ம்ஸ் உருவானபோது அதன் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பியவர் அவர்தான். 1962-ல், ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது உன் நடுவிலுள்ள நிறைவுப் பகுதியில் மின்துடிப்பு கூடுவதையும் உணவுப் பகுதியில் குறைவதையும் அவரும் சக ஆய்வாளர்களும் பதிவு செய்து காட்டினார்கள். பசியைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஆராய்ச்சி, பசியை நன்றாக அறிந்த ஒரு நாட்டுக்காரரின் கையால் நடந்தது. அதில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு. ஆனந்தின் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தோழி, இரண்டே மையம், ஒன்று தொடங்க, ஒன்று நிறுத்த என்ற அந்தப் படம் பிற்பாடு மாறியது. நீ தனியாக வேலை செய்கிறவள் இல்லை, தண்டுமூளை முதல் நெற்றிப் பக்கம் வரை உனக்குத் துணைகள் உண்டு என்று தெரிந்தது. ஆனால் 1954-ல் டைட்டல்பாமும் ஸ்டெல்லரும் செய்த ஒன்றை மட்டும் என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. ஓரப்பகுதி சிதைந்த எலிகளை அவர்கள் சாகவிடவில்லை. குழாய் வைத்து ஊட்டினார்கள். பிறகு ஈரமான, ருசியான தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினார்கள். பல எலிகள் சிறிது சிறிதாகத் தாமாகவே சாப்பிடத் திரும்பின. காய்ச்சலில் கிடந்தவருக்கு எங்கள் வீடுகளில் இதைத்தான் செய்கிறோம். முதலில் கரண்டியால் கஞ்சித் தண்ணீர், அப்புறம் குழைந்த சோற்றில் ரசம், அப்புறம் நாக்கில் உறைக்கத் துளி ஊறுகாய். உனக்கு அடிபட்டாலும் பொறுமையாகக் கூப்பிட்டால் திரும்பி வருவாய் என்று எங்கள் ஆயாக்களுக்குத் தெரிந்திருந்தது.

தோழி, கஞ்சி என்றதும் ராயபுரம் பக்கம் போகாமல் இருக்க முடியாது. வடசென்னையில் பழைய ஆட்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பால் கிராமங்கள் பாழாகி, பஞ்சத்தில் மக்கள் சென்னைக்கு ஓடிவந்தபோது அங்கே ஒரு சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அதுதான் மணியகாரர் சத்திரம். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அதை ஒட்டி ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். இன்றைய பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து வளர்ந்தது. அதற்குப் பிறகு வந்த பஞ்சங்களில் கொடியது 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சம். பக்கிங்காம் மில் கட்டிய அதே ஆண்டில் தொடங்கியது. கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்கிறவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, போதும் என்று கூலியைக் குறைத்தார். மண் சுமந்தவர்கள் அதைத் தின்று மெலிந்தார்கள். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். சில மாதத்தில் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று.

தோழி, அந்தச் சில மாதங்களை எங்கள் முன்னோரில் சிலர் எப்படித் தாண்டினார்கள்? அதற்கு விடை நீ. உடம்புக் கொழுப்பு அணுக்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கொழுப்பு அதிகம் என்றால் அது அதிகம், கரைந்தால் அதுவும் குறையும். எங்கள் ஆயா ராத்திரியில் அரிசிப் பானைக்குள் கையை விட்டு அடி தட்டுகிறதா என்று பார்ப்பதைப் போல நீ லெப்டினைத் தொட்டுத் தொட்டு இருப்பைப் பார்க்கிறாய். குறைந்துவிட்டது என்று தெரிந்த உடனே செலவைச் சுருக்குகிறாய். தைராய்டை அடக்கி உடம்புச் சூட்டைக் குறைக்கிறாய். மாதவிலக்கை நிறுத்தி, இது பிள்ளை பெறும் காலமில்லை என்கிறாய். நடையைத் தளர்த்துகிறாய். எண்ணம் முழுவதையும் சோற்றின் பக்கம் திருப்புகிறாய். பஞ்சத்தில் பிழைத்தவர்கள் பிழைத்தது கஞ்சித்தொட்டியாலும் உன்னாலும்தான். அவர்கள் வழியில் வந்தவள் நான். என் பிறப்புக்கே உனக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

தோழி, இந்த லெப்டினைக் கண்டது 1994-ல், நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகத்தில். மனிதரில் அது என்ன செய்கிறது என்று காட்டியவர்கள் நம் துணைக்கண்டத்துப் பிள்ளைகள். பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில், பங்காளிப் பிள்ளைகள் இரண்டு பேர். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ, இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் அவர்களுக்குப் பசி தீரவில்லை. 1997-ல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் காரணத்தைச் சொன்னார்கள்: பிறவியிலேயே அவர்கள் உடம்பில் லெப்டின் உருவாகவில்லை. உடம்பு நிறையக் கொழுப்பு இருந்தும் உனக்குச் சேதி வரவில்லை. ஆகவே குழந்தை பட்டினி கிடக்கிறது என்று நம்பி நீ சோறு சோறு என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். லெப்டின் ஊசி போட்டதும் சிறுமியின் பசி அடங்கியது, ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். அந்த ஊசிக்கு முன்பு எத்தனை பேர் அவளைப் பேராசைக்காரி என்று திட்டியிருப்பார்கள், எத்தனை பேர் தாயின் வளர்ப்பைக் குறை சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. நீ அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் பார்த்தாய்.

தோழி, என் அக்காவுக்காகவும் உன்னிடம் பேச வேண்டும். அக்கா குண்டு. கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஏன் கோயில் வரிசையில்கூட ஆளாளுக்கு அவளுக்குப் புத்தி சொல்வார்கள். வாயைக் கட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். அவளும் கட்டினாள். எடை இறங்கியது, பிறகு இரண்டு பங்கு பசியோடு ஏறியது. 2011-ல் மெல்போர்னில் ஐம்பது பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து, எடை குறைந்தபின் தொடர்ந்து பார்த்தார்கள். ஓராண்டு கழிந்த பின்னும் அவர்கள் உடம்பில் பசி தூண்டும் கிரெலின் கூடியே இருந்தது, லெப்டின் குறைந்தே இருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று நீ ஓராண்டாக அலறிக்கொண்டிருந்தாய் என்று பொருள். அந்த அலறலை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு வேலைக்கும் போய், சமைத்தும் போடுகிற ஒருத்தியை மன உறுதி இல்லாதவள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. 2025-ல் நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்துவிட்ட எடை குறைப்பு ஊசிகள் உன் மொழியில்தான் உன்னோடு பேசுகின்றன. சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைப் பின்பற்றி, வயிறு நிறைந்தது என்று உனக்கும் தண்டுமூளைக்கும் சொல்கின்றன. வந்த புதிதில் பணம் உள்ளவர்களுக்கு எட்டும் விலையில்தான் அவை இருந்தன. அந்த ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது என்பதும் அக்காவின் கட்சிக்குத்தான் சாட்சி. அவள் சோம்பேறியாக இருந்ததில்லை, தோழி. நீ விழிப்பாக இருந்தாய்.

தோழி, எங்கள் ஊரின் தொழிலாளர்கள் உனக்காகப் போராடியவர்கள் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. பக்கத்துணை, தொடங்கி வைத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும். அவர்கள் முதலில் எடுத்துவைத்த கோரிக்கைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளையை முப்பது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடமாக்க வேண்டும் என்பது. அது கிடைத்தது. பத்து நிமிடம்! கேட்கிறவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். பஞ்சுத்தூசி படிந்த கையைக் கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, நாலு வாய் போட்டுக்கொண்டு மறுபடியும் தறிக்கு ஓட வேண்டியவருக்கு அது எவ்வளவு பெரிது என்று அப்பாவின் சாப்பாட்டு வேகத்தைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரியும். ஓய்வு பெறும் வயதிலும் அவர் கவளத்தை மெல்லாமல் விழுங்குவார்.

தோழி, அந்தப் பத்து நிமிடம் உன்னிடம் சேதி வந்து சேரும் நேரம். உணவு வயிற்றுச் சுவரை விரிக்கிறது, வேகஸ் நரம்பு அதை மேலே சொல்கிறது. சிறுகுடலுக்குள் கொழுப்பும் புரதமும் இறங்கினால் கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. குடலில் இன்னும் கீழே போகப் போக ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். என்று ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. இவையெல்லாம் தண்டுமூளைக்கு வந்து, அங்கிருந்து உன்னிடம் கூடி, நீ போதும் என்று சொல்ல ஏறத்தாழ கால் மணி, இருபது நிமிடம் ஆகிவிடும். அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டவர் நீ வாய் திறப்பதற்குள் தட்டைக் காலி செய்திருப்பார், அல்லது பாதியில் எழுந்து போயிருப்பார். இரண்டிலும் உன் சொல் வீணாகிறது. 1918-ல் குடல் ஹார்மோன்களைப் பற்றி மில் தொழிலாளிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாப்பிட நேரம் வேண்டும் என்பது அவர் உடம்பே அறிந்த நியாயம். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் ஸ்டியரிங் மேல் பொட்டலத்தை வைத்துச் சாப்பிடும் டிரைவரையும், மற்றவர் சாப்பாட்டை முதுகில் சுமந்துகொண்டு தன் சாப்பாட்டை நின்றபடி விழுங்கும் பையனையும் பார்க்கும்போதெல்லாம் அந்த நாற்பது நிமிடம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

தோழி, ராத்திரி ஷிப்ட்டுக்கும் ஒரு வார்த்தை. அப்பா ராத்திரி வேலை பார்த்த வாரங்களில் பகலில் தூங்க முடியாமல் புரள்வார், எழுந்தால் இனிப்பாகவும் எண்ணெயாகவும் கேட்பார். வீட்டில் அதைத் தீனிப் பழக்கம் என்றார்கள். 2004-ல் சிகாகோவில் ஆரோக்கியமான பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது, மாவுப் பண்டங்களின் மேல் ஆசை கூடியது. கண்விழித்த ராத்திரி என்றால் ஏதோ ஆபத்து, சேர்த்து வை என்று நீ அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறாய். அந்த அக்கறைக்கும் நன்றி.

தோழி, மாநகராட்சிப் பள்ளியில் என்னை உட்கார வைத்ததும் நீதான். காலையில் வெறும் டீயோடு வந்த பிள்ளைக்குப் பதினொரு மணிக்குமேல் கரும்பலகை கண்ணில் நிற்காது. உன் ஏ.ஜி.ஆர்.பி. அணுக்கள் விழித்திருக்கும்போது அவை கேட்கும் ஒன்றைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாது. இதைத் தெரிந்த ஊர் சென்னை. 1920-ல் மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு செய்து சோறு போட ஏற்பாடு செய்தார். எங்களுக்கு அடுத்த வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. பிறகு காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு. எனக்குச் சத்துணவுக் கூடத்தில் கிடைத்த சூடான சோறும் சாம்பாரும் உன்னை அமைதிப்படுத்தின. நீ அமைதியான பிறகுதான் எனக்குக் கணக்கு ஏறியது.

தோழி, உன்னிடம் வாங்கிய சந்தோஷங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும், காசிமேட்டில் விடியற்காலை வாங்கிய மீனின் வறுவல், புளியந்தோப்பு பீஃப் பிரியாணியின் தம் உடையும் நேரத்து வாசம். பசித்தவர் கண்ணில் உணவு பட்ட உடனேயே, வாயில் வைக்கும் முன்பே, உன் பசி அணுக்களின் துடிப்பு தணியத் தொடங்குகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பிரியாணி இலையில் விழுந்ததும் நெஞ்சில் இறங்கும் நிம்மதிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். பிரியாணி போதும் என்றான பிறகும் பிரெட் அல்வாவுக்கு இடம் கொடுக்கிறாயே, அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு ருசி அலுத்தாலும் அடுத்த ருசிக்கு ஆவல் மிச்சம் வைப்பது மூளையின் வழக்கம். பல வகைச் சத்தும் கிடைக்க அது உதவும்.

தோழி, கடைசிக் கடன்தான் பெரியது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பாவின் பசி நின்றது. சோற்றைப் பிசைவார், வைத்துவிடுவார். மீன் குழம்பு வாசத்துக்கே முகத்தைத் திருப்பினார். சாயங்காலம் காய்ச்சல், விடாத இருமல், சட்டை தோளில் தொங்கியது. வேலைக் களைப்பு என்று எல்லோரும் சொன்னபோது ஆயா மட்டும், “சோறு வேண்டாம்னு சொல்றவன் உடம்புல என்னமோ இருக்குடி” என்று ஓட்டேரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். காசநோய். நோய்க்கிருமியோடு போராடும் அணுக்கள் விடும் சைட்டோகைன் என்ற சேதிப் பொருள்கள் உன்னை எட்டி, பசியை அமுக்கிவிடுகின்றன. அப்பாவின் எடை போனது அதனால்தான். மருந்து தொடங்கிச் சில வாரத்தில் ஒரு மத்தியானம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். அம்மா அடுப்படியில் திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எக்ஸ்ரே வருவதற்கு முன்பே நீ எங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டாய்.

தோழி, காசநோயைப் பற்றி உலகம் கற்ற இரண்டு பாடங்கள் சென்னையிலிருந்து போயின. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரில் பாதிப் பேரை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் நெருக்கடி, குறைந்த சாப்பாடு. 1959-ல் முடிவு வந்தது: இரு பக்கமும் குணமானவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலேயே பிழைக்கலாம் என்று ஆனது. சாப்பாடு முக்கியமில்லை என்று அதைத் தவறாகப் படித்தவர்களும் உண்டு. அதே மையத்தின் வாரிசான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து அனுராக் பார்கவா, மாதவி பார்கவா நடத்திய ஜார்க்கண்ட் ஆய்வு 2023-ல் மறுபாதியைச் சொன்னது. நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் தானியமும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்தபோது அவர்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளில் சாவும் வெகுவாகக் குறைந்தது. அந்த எடை ஏற நீ பசியைத் திருப்பித் தர வேண்டும், பசி வந்தபோது வீட்டில் சோறு இருக்க வேண்டும். 2022-ல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவரின் எடையையும் உயரத்தையும் பார்க்கிறார்கள், துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். மிகவும் மெலிந்தவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். உன் சொல்லுக்கு அரசாங்கப் பதிவேட்டில் இடம் கிடைத்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தோழி, உனக்குச் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். இதை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒன்று கேட்க எனக்கு அனுமதி கொடு. வீட்டில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், சோறு இறங்கவில்லை, எடை போகிறது என்றால் களைப்பு என்று விடாதீர்கள். பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். 2024 நவம்பரிலிருந்து நோயாளியின் சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

என்றும் உன் கடனாளி,
புளியந்தோப்பிலிருந்து ஒருத்தி